ஓதம் வற்றும் நேரம்

பிவிசி குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம். பக்கத்துக்கு அரை மீட்டர். உள்ளே நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருக்கும். கடல் காப்பு படிக்கக் கோடையில் கரைக்கு வரும் மாணவர் கையில் முதலில் வந்து சேரும் கருவிகளில் இது ஒன்று. நுண்ணோக்கியும் முக்குளிப்பு உடையும் அப்புறம்தான். ஓதம் வற்றிப் பாறை வெளியே தெரிந்ததும் சட்டத்தை அதன்மேல் வைத்து, உள்ளே இருக்கும் உயிர்கள் அத்தனையையும் கணக்கெடுக்க வேண்டும்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், மெய்ன் வளைகுடாவில், ஒரு பாறைமேல் சட்டத்தை வைத்தால் முதலில் கண்ணில் படுவது வழுவழுவென்று கிடக்கும் பழுப்புக் கடற்பாசி மட்டுமே. அதைக் கையால் ஒதுக்கினால் கீழே கருஞ்சிவப்பில் குட்டையான ஐரிஷ் பாசி. அதற்கும் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நீல மட்டிகள். மட்டி ஓட்டின்மேல் கொட்டலசு. நம் படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டு சுரண்டச் சுரண்டத் தீராத அதே சுண்ணாம்புக் கூம்பின் உறவு. கொட்டலசைத் தின்பதற்காக அதன்மேல் ஏறி நிற்கும் வெள்ளை நத்தை. இத்தனையும் ஒரு கை அகலத்துக்குள். நத்தையையும் நண்டையும் தலை எண்ணலாம். பாசியையும் கொட்டலசையும் எண்ணி மாளாது. பாறையில் எத்தனை விழுக்காட்டை மூடியிருக்கின்றன என்று மதிப்பிட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கயிறுகள். கயிறும் கயிறும் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நேர்கீழே என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனால் விழுக்காடு கிடைத்துவிடும்.

சட்டத்தின் விளிம்பில் பாதி உடல் உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு நத்தை நின்றால்? அதற்கும் விதி உண்டு. இரண்டு பக்கங்களைத் தொட்டால் சேர்த்துக்கொள். மற்ற இரண்டைத் தொட்டால் விட்டுவிடு. எந்த இரண்டு என்பதைப் பாறைக்கு வரும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குப் பிடித்த நத்தைகளெல்லாம் கணக்கில் ஏறிவிடும். ஒரே சட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவதும் வழக்கம். புதியவர்கள் இருவரின் கணக்கு லேசில் பொருந்தாது. எங்கே பிசகியது என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் நனையும். ஓதம் ஏறத் தொடங்கியிருக்கும். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்த வகுப்பின் கால அட்டவணையைப் போடுவது நிலாதான். இந்த வாரம் விடியுமுன் பாறையில் நிற்பவர் அடுத்த வாரம் உச்சிவெயிலில் நிற்பார்.

கடலைக் காப்பது என்றதும் திமிங்கிலமும் ஆமையும் பிளாஸ்டிக்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் எதைக் காப்பதானாலும் அது எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டு எண்கள் வேண்டும். இரண்டாவதை இன்று போய் எடுத்துவிடலாம். முதலாவதை யாராவது முன்பே எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. கோடைக்காலக் கடல் பள்ளிகளின் உண்மையான பெருமை அங்கே நடக்கும் விரிவுரைகளில் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு மாணவர்கள் ஒரே பாறைக்குப் போய் ஒரே முறையில் எண்ணி விட்டுப்போகும் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கரைக்கே போய்ப் படிக்கும் இந்த வழக்கத்துக்கு நூற்றைம்பது வயது. 1873 ஜூலையில் ஹார்வர்ட் பேராசிரியர் லூயி அகாசி, மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய பெனிக்கீஸ் என்ற குட்டித் தீவில் ஒரு கோடைப் பள்ளியைத் தொடங்கினார். தீவையும் 50,000 டாலரையும் கொடுத்தவர் ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் புகையிலை வியாபாரி. வந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர், பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், பெண்களும் இருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயமல்ல. ஆட்டுக்கொட்டகையாக இருந்ததைக் கூட்டிப் பெருக்கி வகுப்பறை ஆக்கினார்கள். உத்தரத்தில் கூடு கட்டியிருந்த தகைவிலான்கள் பாடத்தின் நடுவே உள்ளும் புறமும் பறந்துகொண்டிருந்தன.

அகாசியின் கற்பிக்கும் முறை பிரசித்தம். மாணவர் முன் சாராயத்தில் ஊறிய ஒரு மீனை வைத்துவிட்டுப் போய்விடுவார். பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது என்பார். இன்னும் பார்க்க வேண்டும். சாமுவேல் ஸ்கடர் என்ற மாணவர் இப்படி மூன்று நாள் ஒரே மீனைப் பார்த்த கதையைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அத்தனை கூர்மையாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் டார்வினை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. மனித இனங்களைப் பற்றி அவர் சொன்னவை இன்று படிக்கக் கூசும். அவரிடம் பார்க்கக் கற்றவர்கள் பலர் டார்வின் பக்கம் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அகாசி இறந்தார். மகன் அலெக்சாண்டர் இன்னொரு கோடை நடத்திப் பார்த்துவிட்டுப் பள்ளியை மூடிவிட்டார். பெனிக்கீஸில் படித்த சார்லஸ் விட்மன்தான் 1888இல் அதே கரையில் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர்.

உட்ஸ் ஹோலுக்குக் கோடையில் வந்துபோனவர்களின் பட்டியல் நீளம். அதில் இருவரை மட்டும் சொல்கிறேன், இருவரும் கடலில்லா ஊர்க்காரர்கள் என்பதால். பென்சில்வேனியாவின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த ரேச்சல் கார்சன் 1929 கோடையில், 22 வயதில், இங்கேதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். பிறகு அரசின் மீன்வளத் துறையில் வேலை, கடலைப் பற்றி மூன்று புத்தகங்கள், அதன்பின் 1962இல் பூச்சிக்கொல்லிகளின் கேட்டை எடுத்துச்சொன்ன ‘சைலன்ட் ஸ்பிரிங்’. இரண்டாமவர் மலை மாநிலமான கொலராடோவைச் சேர்ந்த ஜேன் லுப்செங்கோ. கல்லூரி மாணவியாக இருந்தபோது உட்ஸ் ஹோலில் முதுகெலும்பில்லா உயிரினங்கள் குறித்த கோடைப் பாடம் ஒன்றுக்கு வந்தார். வந்தவர் கடலை விடவில்லை. 2009 முதல் 2013 வரை அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் தலைவர் அவர்தான்.

எல்லோருக்கும் அந்தக் கதவு ஒரேபோலத் திறந்திருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்ற கறுப்பின உயிரியலாளர் 1909 தொடங்கி ஏறக்குறைய இருபது கோடைகள் உட்ஸ் ஹோலில் வேலை செய்தார். கடல் உயிர்களின் முட்டையைக் கையாள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு வேலை தரவில்லை. கடைசியில் ஐரோப்பாவுக்குப் போனார். கோடைப் பள்ளிகளின் கட்டணமும் பயணச் செலவும் இன்றும் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. கோடையில் கூலி வேலை பார்த்தால்தான் அடுத்த ஆண்டுப் படிப்பு என்ற நிலையில் இருக்கும் மாணவருக்குத் தீவில் சில வாரம் தங்குவது ஆடம்பரம்.

இப்போது அந்தப் பாறைக்கு வருவோம். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் எல்லையில், கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில், ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மீனவர்கள் காட் மீனைப் பிடித்து இந்தப் பாறைகளில் உலர்த்திக் கருவாடாக்கிக் கப்பலேற்றினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஜான் கிங்ஸ்பரி 1966இல் இங்கே ஸ்டார் தீவில் ஒரு கோடைப் பாடம் ஆரம்பித்தார். 1973இல் அது பக்கத்திலிருந்த ஆப்பிள்டோர் தீவில் சொந்தக் கட்டடங்களோடு ஷோல்ஸ் கடல் ஆய்வுக்கூடம் ஆயிற்று. கார்னெலும் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. ஒரு பருவம் முழுக்க நீளும் பாடத்தை ஓரிரு வாரத்தில் முடிக்கிறார்கள். காலையில் பாறை, பகலில் ஆய்வகம், சாயங்காலம் விரிவுரை, இரவில் கணக்கைக் கணினியில் ஏற்றுவது. தீவில் நல்ல தண்ணீர் அருமை என்பதால் குளியல்கூட முறை வைத்துத்தான். 95 ஏக்கர் தீவில் மாணவர்களைவிட அதிகமாக இருப்பவை கடற்காகங்கள். கூடு கட்டும் பருவத்தில் யார் பக்கத்தில் போனாலும் தலையைக் குறிவைத்துப் பாயும். சதுரச் சட்டத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடுவதும் அதன் பயன்களில் ஒன்று.

எண்ணுவதால் மட்டும் காரணம் தெரிந்துவிடாது. லுப்செங்கோ தம் முனைவர் பட்டக் காலத்தில் மாசசூசெட்ஸின் பாறைக்குழிகளில் செய்த சோதனை இதற்கு நல்ல பாடம். சில குழிகளில் பச்சைப் பாசி மட்டும் மண்டிக் கிடந்தது. சிலவற்றில் ஐரிஷ் பாசி மட்டும். ஒரே பாறை, ஒரே வெயில், ஒரே நீர். ஏன் இந்த வேறுபாடு? அவர் செய்தது இதுதான்: ஒரு குழியிலிருந்த கரைநத்தைகளைப் பொறுக்கி எடுத்தார், இன்னொரு குழியில் கொண்டுபோய் விட்டார். நத்தை போன குழியில் பச்சைப் பாசி பெருகியது. நத்தை வந்த குழியில் பச்சை காணாமல் போயிற்று. நத்தைக்குப் பச்சைப் பாசியின் இளந்தளிர் இஷ்டம்; ஐரிஷ் பாசி அதற்குப் பிடிக்காது. பாசி வகைகள் அதிகமாக இருந்தது எங்கே என்றால், நத்தை மிகுந்த குழியிலும் இல்லை, நத்தையே இல்லாத குழியிலும் இல்லை. நடுத்தரமாக இருந்த குழிகளில். 1978இல் வெளிவந்த இந்தக் கட்டுரை சூழலியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒன்று. வாளியும் பொறுமையும் இருந்தால் கோடை மாணவர் எவரும் செய்யக்கூடிய வேலையும்கூட.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கரைநத்தை இக்கரை முழுவதும் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். நத்தையைத் தின்னும் பச்சை நண்டோ அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலோடு வந்த விருந்தாளி. இன்று மாணவர் எண்ணுவது இருநூறு வருடத்துக்குள் ஆள் மாறிப்போன ஒரு கரையை. எது இதன் இயல்பான நிலை? மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்தச் சிக்கலைப் பிடித்துக் காட்டினார். ஒவ்வொரு தலைமுறை அறிஞரும் தாம் வேலைக்குச் சேர்ந்தபோது கண்ட கடலையே முழுமையான கடல் என்று எடுத்துக்கொள்கிறார். அதிலிருந்து குறைந்ததைத்தான் குறைவு என்கிறார். அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த நிலையிலிருந்து கணக்கை ஆரம்பிக்கிறது. தொடக்கக்கோடே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடுகிறது.

இறங்கிய அளவு என்ன என்று ஒரு முறை நன்றாகத் தெரிய வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர். 1850களில் மாசசூசெட்ஸின் பெவர்லி ஊரிலிருந்து காட் பிடிக்கப் போன பாய்க்கப்பல்களின் நாட்குறிப்புகளை எடுத்தார்கள். யார் எத்தனை மீன் தூண்டிலில் பிடித்தார் என்று நாள்தோறும் எழுதி வைத்திருந்த கணக்குகள் அவை. 1852இல் நோவா ஸ்கோஷியாவுக்கு வெளியே உள்ள கடல்திட்டில் 12 லட்சத்து 60 ஆயிரம் டன் காட் இருந்திருக்கும் என்று அவற்றிலிருந்து கணித்தார்கள். 2005இல் முடிவை வெளியிட்டபோது அவர்கள் சொன்ன ஒப்பீடு: இன்று அங்கே எஞ்சியிருக்கும் வளர்ந்த காட் அத்தனையும் அந்தக் காலத்துப் பாய்க்கப்பல் பதினாறில் அடங்கிவிடும். அந்த மாலுமிகள் யாரும் கடல் காப்புக்காக எழுதவில்லை. பங்குக்காசு பிரிப்பதற்காக எழுதினார்கள். ஆனால் ஒழுங்காக எழுதினார்கள்.

அதேபோல்தான் பாறைக் கணக்கும். 1970களில் மெய்ன் வளைகுடாக் கரைகளில் எடுத்திருந்த மட்டிக் கணக்கை வைத்துக்கொண்டு, ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து அதே இடங்களுக்குப் போய் எண்ணினார்கள். 2017இல் வெளிவந்த முடிவு: நீல மட்டி 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. சதுரச் சட்டத்தின் கீழடுக்கிலிருந்து பாறையைப் பிணைத்துப் பிடித்திருந்த மட்டி அது. அதன் இடுக்குகளை நம்பி வாழ்ந்த சிறு உயிர்களும் சேர்ந்து இடம்பெயர வேண்டியதுதான். மெய்ன் வளைகுடா 2004 முதல் 2013 வரை உலகக் கடற்பரப்பின் 99 விழுக்காட்டைவிட வேகமாகச் சூடேறியது என்பது இன்னொரு குழுவின் கணக்கு. வெப்பம், வந்தேறி நண்டுகள், மனிதர் அள்ளுவது என்று காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. பழைய எண் இல்லாமலிருந்தால் காரணம் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றியிராது.

இந்தப் பள்ளிகளின் குறை அவற்றின் பெயரிலேயே இருக்கிறது. கோடையில் மட்டும் பார்ப்பவருக்குக் கோடைக் கடல் மட்டுமே தெரியும். குளிர்காலப் புயல் மட்டிப்படுகையைப் பெயர்த்து எறிவதும், பனிக்கட்டி பாறையைச் சுரண்டி வெறுமையாக்குவதும் நடக்கும்போது மாணவர்கள் நகரத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஜூலையில் பார்க்கும் பாறை, பிப்ரவரியில் தப்பிப் பிழைத்த பாறை.

அந்த மாதங்களிலும் கடலில் இருப்பவர்கள் மீனவர்கள். மெய்ன் மாநிலத்துச் சிங்கி இறால் மீனவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூண்டில் முட்டையோடு ஒரு பெண் இறால் அகப்பட்டால் அதன் வால் மடலில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் ஒரு வெட்டுப் போட்டுக் கடலில் விட்டுவிடுவார்கள். பிறகு முட்டை இல்லாத நேரத்தில் வேறொருவர் கூண்டில் அது ஏறினாலும் வெட்டைப் பார்த்து அவரும் விட்டுவிட வேண்டும். நல்ல தாய் இது என்பதற்கு அதுவே அத்தாட்சி. சட்டமும் இதை ஆதரிக்கிறது. சிறியதைப் பிடிக்கக் கூடாது என்பது எங்கும் உள்ள விதி. மெய்னில் மிகப் பெரியதையும் பிடிக்கக் கூடாது. பெரிய பெண் இறால்தான் அதிக முட்டையிடும். தலை ஓட்டின் நீளம் 83 மில்லிமீட்டருக்கும் 127க்கும் இடையே இருந்தால்தான் படகில் தங்கும். அளப்பதற்கு ஓர் உலோக அளவுகோல் படகிலேயே இருக்கும். கோடை மாணவரை ஒரு நாளாவது இந்தப் படகில் ஏற்றாத கடல் காப்புப் பாடம் அரைப் பாடம்தான்.

நம் கரையில் இப்படி ஒரு வகுப்பு வைப்பதானால் பாறையும் சட்டமும் அப்படியே உதவாது. மெய்னில் ஓதம் இரண்டரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. சென்னையில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். வற்றத்தில் நடந்தே பவளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குஜராத்தின் கட்ச் வளைகுடாவுக்குப் போக வேண்டும். மன்னார் வளைகுடாவில் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும். அங்கேயும் மே மாதத்திலிருந்து தென்மேற்குக் காற்று கடலைக் கலக்கிவிடும். ராமேஸ்வரத்துக்காரர்கள் அந்த மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் போய்விடுவார்கள். ஆனால் பவளம் வெளுப்பது ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள், நீர் மிகச் சூடாக இருக்கும்போதுதான். 2010இலும் 2016இலும் மன்னாரில் பெரிய வெளுப்புகள் நடந்தன. கோடை விடுமுறையில் பார்க்க வேண்டிய ஒன்று அங்கே இருக்கிறது, கடல் இடம் கொடுத்தால்.

அதே மாதங்களில்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நம் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வகுப்புக்கு ஆசிரியர் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டைக்கோரையையும் கையால் பறிக்கிறார்கள். பாசி குறையக் கண்டதும் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் இறங்குவதில்லை, இரும்பு வைத்துச் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுச் சூழல் காப்புக்காகத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. அவர்கள் பாசி எடுக்கும் தீவோரங்களோ 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறைக்கும் அவர்களுக்கும் நீண்ட நாள் இழுபறி. பாசி எவ்வளவு இருந்தது, எதனால் குறைந்தது என்று கேட்டால் இரு தரப்பும் ஒரே பதிலைச் சொல்லப்போவதில்லை. கடல் காப்பு படிக்க வரும் மாணவருக்கு முதல் வாரத்தில் கொடுக்க வேண்டிய வேலை இரு தரப்பிடமும் போய் அந்தக் கேள்வியைக் கேட்டு, இரண்டு பதிலையும் எழுதிக்கொண்டு, பிறகு தண்ணீரில் இறங்கி எண்ணிப் பார்ப்பது.